மின் அழைப்பான், ஒன்று

குன்னூருக்கு மேலே, பனி இறங்கினால் எதிர்வீடு காணாமல் போகும் ஒரு சரிவில், அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. தொழிற்சாலையின் பெயரைச் சொல்லலாம். சொன்னால், சொல்வதற்கு அனுமதி வாங்கப்பட்டதா என்று ஒரு கடிதம் வரும். அதற்கு மூன்று பிரதியில் பதில் எழுத வேண்டும். நமக்கு எதற்கு வம்பு, பெயர் இல்லாமலே போவோம்.

அந்தக் குவார்ட்டர்ஸில் மனிதர்களைத் தவிர எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஜன்னலுக்கு எண், ஜன்னல் கொக்கிக்கு எண், கக்கூஸ் தாழ்ப்பாளுக்கு எண். வீட்டைக் கொடுக்கும்போதே குவார்ட்டர்ஸ் ஆபீஸ் ஒரு பட்டியலை நீட்டும். சி பிளாக் பதினான்காம் வீட்டின் பட்டியலில், முப்பத்தோராவது வரியில், 'மின் அழைப்பான், ஒன்று' என்று இருந்தது. அது வேறொன்றும் இல்லை, வாசல் காலிங்பெல். அழுத்தினால் குயில் கூவாது, மணி அடிக்காது. மர மில் மாதிரி 'கர்ர்ர்' என்று அலறும். பழைய பஸ்ஸர் ரகம். பக்கத்து பிளாக்கில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

அந்த வீட்டுக்காரி சாந்தாமணிக்கு மட்டும் அது கேட்காது.

காது மங்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. கோயமுத்தூரில் காட்டியதில் நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவள் கெட்டிக்காரி. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். அதனால் குவார்ட்டர்ஸில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. தெரியக்கூடாது என்பதில் அவள் புருஷன் ஆறுச்சாமி குறியாக இருந்தார். அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க் அவர். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டவரில்லை. 'செவிட்டுப் பொண்டாட்டி' என்று கேண்டீனில் யாராவது சொல்லிவிட்டால் அவள் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்து அவருக்குச் சோறு இறங்காது.

மலையில் கதவைத் திறந்துபோட்டு யாரும் உட்கார மாட்டார்கள். குளிர் ஒரு காரணம், படிக்கட்டு வரை வந்து எட்டிப் பார்க்கும் காட்டெருமை இன்னொரு காரணம். ஆக, வருகிறவர்கள் பெல்லைத்தான் நம்ப வேண்டும். கேஸ்காரர் அடித்துப் பார்த்துவிட்டுச் சிலிண்டரோடு திரும்பிப் போனார். கோயில் கமிட்டிப் பெண்கள் அடித்துப் பார்த்துவிட்டு, "சாந்தாமணிக்கு மண்டைக்கனம். உள்ள இருந்துக்கிட்டே தொறக்க மாட்டேங்கறா" என்று பேசிக்கொண்டு போனார்கள். அந்தப் பேச்சு ஆறுச்சாமி காதுக்கும் வந்தது. அவர் மறுக்கவில்லை. மண்டைக்கனம் என்பதில் ஒரு கௌரவமாவது இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

போன ஐப்பசி மாதம் காரமடையிலிருந்து சாந்தாமணியின் தங்கை அஞ்சலை வந்தாள். முருங்கைக்காயும் தேங்காயும் கட்டித் தூக்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவள், அரை மணி நேரம் பெல்லை அழுத்தினாள். பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்குகிறாள். ஜன்னலைத் தட்டினாள். அக்கா திரும்பவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் ஆறுச்சாமிக்கு போன் வந்தது.

"ஏனுங் மாமா, நான் வந்தா அக்காவுக்குக் கதவத் தொறக்கக்கூட மனசில்லீங்களா?"

"அவ தூங்கியிருப்பா அஞ்சல."

"தூங்கறவ பாத்திரமுங்களா வெளக்குவா?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆறுச்சாமி வாயைத் திறந்தார், இருமினார், "லைன் சரியில்ல" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அஞ்சலையிடமிருந்து போன் இல்லை, பொங்கலுக்கு அழைப்பும் இல்லை. கூடப் பிறந்தவள் வாசல் வரை வந்து திரும்பியதை வாசலில் கிடந்த பையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட சாந்தாமணி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள்.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் மனிஷா லீவில் வந்தபோது இதற்கொரு வழி செய்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு கொண்டுவந்தாள். கன்ட்ரோலராம். வாசலில் பெல்லை அழுத்தினால், அதைக் கன்ட்ரோலர் தெரிந்துகொண்டு, சமையலறை விளக்கையும் ஹால் விளக்கையும் மூன்று தரம் அணைத்து அணைத்து ஏற்றும். அதுதான் திட்டம்.

முதல் நாள் ஒயரை நேராக இழுத்து மாட்டினாள். ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் யாரோ வந்துவிட்டதாக விளக்குகள் கண்ணடித்தன. சாந்தாமணி பதினொரு தரம் கதவைத் திறந்து பனிக்கு வணக்கம் சொன்னாள். மறுநாள் மனிஷா பஸ்ஸருக்குப் பக்கத்தில் ஒரு ரிலேயைச் சேர்த்தாள். பெல்லில் கரண்ட் பாய்ந்தால் அது 'டக்' என்று ஒட்டும். அது ஒட்டினால் மட்டும் கன்ட்ரோலர் நம்பும். அதன்பிறகு ஃபிரிட்ஜ் வாலைச் சுருட்டிக்கொண்டது. கேஸ்காரர் வந்தார், விளக்கு கண்ணடித்தது, சாந்தாமணி கதவைத் திறந்தாள். அந்தச் சிலிண்டரை அவள் பார்த்த பார்வையில், பிள்ளை வரம் கிடைத்தவள் தோற்றாள்.

இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று. பதின்மூன்றாம் நாள் வருடாந்தர இன்ஸ்பெக்ஷன்.

இன்ஸ்பெக்ஷன் என்றால் குவார்ட்டர்ஸ் முழுக்க ஒளித்துவைக்கும் திருவிழா. கோழி வளர்ப்பவர்கள் கோழியைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஹீட்டர் வைத்திருப்பவர்கள் அதன்மேல் துணியைப் போட்டுச் சாமிபடம் வைப்பார்கள். ஆறுச்சாமிக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. காலிங்பெல் என்ன கோழியா?

குவார்ட்டர்ஸ் அதிகாரி ரவிச்சந்திரன் வந்தார். பின்னால் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் பிரசாத், ரெஜிஸ்டரைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையில் ஏந்திக்கொண்டு. வழக்கப்படி முதல் கேள்வி: 'மின் அழைப்பான் ஒலிக்கிறதா?' ரவிச்சந்திரன் அழுத்தினார். பஸ்ஸர் அலறியது. உள்ளே விளக்குகள் மூன்று தரம் கண்ணடித்தன. ரவிச்சந்திரன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"ஆறுச்சாமி, இது என்ன?"

"பெல்லுங்க சார்."

"பெல்லு அடிச்சது. அதை நான் ஒத்துக்கறேன். லைட்டு எதுக்கு எரிஞ்சது? இந்தக் கட்டடம் கட்டுன நாள்ல இருந்து இங்க பெல்லு பெல்லா இருந்துச்சு, லைட்டு லைட்டா இருந்துச்சு. இன்னிக்கு பெல்லைத் தட்டுனா லைட்டு எரியுது. நாளைக்கு லைட்டைப் போட்டா பெல்லு அடிக்கும். அப்புறம் எது பெல்லு, எது லைட்டுன்னு ரெஜிஸ்டர்ல நான் என்னத்த எழுதுவேன்? எனக்கு ரெண்டு கட்டம்தான் இருக்கு."

பிரசாத் 'அங்கீகரிக்கப்படாத ஒளி, மூன்று முறை' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸில் ஆறுச்சாமியிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருளில் மாற்றம் செய்ததற்கான காரணம்: அ. ஆடம்பரம். ஆ. வியாபாரம். இ. குடும்பத்தாரின் உடல் குறைபாடு. ஆறுச்சாமியின் பேனா 'இ'க்குப் பக்கத்தில் போய் நின்றது.

"ஒரு நிமிஷங்க" என்றார் பிரசாத். "'இ' போட்டா யாருக்கு, என்ன குறைன்னு விவரமா எழுதி, பால் பூத் நோட்டீஸ் போர்டுல பதினஞ்சு நாள் ஒட்டணும்."

"எதுக்குங்க?"

"யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தாச் சொல்லணுமில்லீங்களா?"

குறை இருப்பதற்கு ஆட்சேபணையா, குறை இல்லை என்று ஆட்சேபணையா என்று பிரசாத்துக்கும் தெரியவில்லை. இதுவரை ஒருவரும் 'இ' போட்டதில்லையாம். ஆகவே இந்தக் குவார்ட்டர்ஸில் குறை உள்ளவர்களே கிடையாது என்று தலைமையகத்துக்கு வருடா வருடம் அறிக்கை போகிறதாம்.

பால் பூத்தில் பால் வாங்குகிறவர்கள் எல்லோரும் சாந்தாமணியின் காதை வாசித்துக்கொண்டு நிற்பதாக ஆறுச்சாமிக்குக் கண்ணில் ஓடியது. 'அ' என்று குறித்தார். முப்பது வருடமாக டிபன் பாக்ஸில் புளிச்சோறு கொண்டுபோன மனிதர், ஆடம்பரத்துக்காக விளக்கை மூன்று தரம் அணைத்து ஏற்றுவதாகக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆடம்பரம் என்றால் கமிட்டி உண்டு. கமிட்டி கூடியது. பெல்லின் பொத்தான் சுவருக்கு வெளியே இருப்பதால் அது கட்டடப் பிரிவு, ஒயர் எலக்ட்ரிகல், கன்ட்ரோலர் வைஃபையில் பேசுவதால் பாதுகாப்புப் பிரிவு. பாதுகாப்பு அதிகாரி எழுந்து நின்று பேசினார்.

"வீட்டுக்கு ஆள் வந்திருக்குங்கறது ஒரு தகவல். அந்தத் தகவல் வாசல்ல இருந்து சமையலறைக்குப் போயிருக்கு. அங்கிருந்து எங்க போகுது? நம்ம மெயின் கேட்டுல இருக்கற பெல்லு நாலு வருஷமா அடிக்கறதில்ல. அதனாலதான் இதுவரைக்கும் ஒரு தகவலும் வெளிய போகல. இதுதான் பாதுகாப்பு."

கமிட்டி மேஜையைத் தட்டியது. விசாரணை முடியும்வரை பெல்லை யாரும் அழுத்தக்கூடாது என்று முடிவாகி, பொத்தானின் மேல் காகிதம் ஒட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரையை யாராவது உடைத்துவிட்டால்? வாசலில் வேலுமணி என்ற காவலாளியை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்; வேலுமணி வீட்டாரை வாய்மொழியாக அழைக்க வேண்டும்.

வேலுமணி நல்ல மனிதர். தொண்டை கிழிய, "ஏனுங்கம்மா! ஆள் வந்திருக்குதுங்க!" என்று கத்துவார். உள்ளே சாந்தாமணி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். வேலுமணி ரெஜிஸ்டரில், 'அழைக்கப்பட்டது. பதில் இல்லை. குடியிருப்பவர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவார். நாலாம் நாள் பனியோடு பனியாக ஒரு காட்டெருமை வாசலுக்கு வந்தது. வேலுமணி முதலில் அதைப் பார்த்துக் கத்தினார், பிறகு கதவைத் தட்டிக் கத்தினார், பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டு கத்தினார். கதவு திறக்கவில்லை. அன்றைய பதிவு: 'காட்டெருமை ஒன்று, சீட்டு இல்லாமல் வந்தது. அழைக்கப்பட்டது. பதில் இல்லை.'

சாயங்காலம் ஆறுச்சாமி வந்தபோது வேலுமணி நடுங்கிக்கொண்டே கேட்டார். "ஏனுங் சார், கொல விழுந்த மாதிரி கத்தறேன், அம்மா எட்டிக்கூடப் பாக்கலீங்களே. எம் மேல எதாச்சும் கோவமுங்களா?"

ஆறுச்சாமி, "அவ சுபாவமே அப்படித்தான்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனால், சாந்தாமணி சிரித்த முகத்தோடு டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைக்கிறாள். அவளுடைய நல்ல பேரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் டீயைக் குடித்தார்.

ஒத்துழையாமை முற்றியதால் கமிட்டி நேரில் வந்தது. ரவிச்சந்திரன், பிரசாத், பாதுகாப்பு அதிகாரி, வேலுமணி. வாசலில் நின்று ரவிச்சந்திரன் ஆறுச்சாமியை நேராகக் கேட்டார்.

"ஓப்பனாக் கேக்கறேன். உங்க வீட்ல யாருக்காவது காது கேக்காதா? கேக்காதுன்னா நீங்க 'அ' போட்டது பொய் வாக்குமூலம். கேக்கும்னா உங்க சம்சாரம் ஒத்துழைக்கல. ரெண்டுல ஒண்ணுதான் நடக்க முடியும். நாங்க எதுக்கும் தயார்."

சுற்றிலும் வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன.

"நல்லாக் கேக்குமுங்க சார்" என்றார் ஆறுச்சாமி.

"அப்ப சோதனை பண்ணிடுவோம்."

அரக்கு முத்திரையைச் சாட்சிகள் முன்னிலையில் உடைத்தார்கள். பிரசாத் உள்ளே போய்க் கன்ட்ரோலரின் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு உதவி செய்துவிடக் கூடாதல்லவா? சாந்தாமணி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆறுச்சாமியை மட்டும் உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரி கடிகாரத்தைப் பிடிக்க, ரவிச்சந்திரன் பொத்தானை அழுத்தினார்.

பஸ்ஸர் அலறியது. சாந்தாமணி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு இலை, இன்னொரு இலை. ஆறுச்சாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு போய் அவள் தோளைத் தொட்டார்.

"கதவத் தொற, சாந்தா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கை துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள்.

"ஒம்பது செகண்டு!" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "எனக்கே இவ்வளவு சீக்கிரம் கேக்காது."

ரவிச்சந்திரனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, இந்தக் குவார்ட்டர்ஸ்ல யாருக்கும் ஒரு குறையும் இல்ல. அறிக்கையை மாத்த வேண்டியதில்ல. ஆடம்பரப் பொருளைக் கழட்டிடலாம்."

பிரசாத் ரிலேயையும் கன்ட்ரோலரையும் கழற்றி ஒரு கவரில் போட்டு ஒட்டினார். அது கவருக்குள் போவதைச் சாந்தாமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இவங்ககிட்ட என்னன்னு சொன்னீங்க?"

ஆறுச்சாமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்குத் தெரியாமல் பேச வேண்டுமென்றால் அந்த வீட்டில் அதுதான் வழி. நாலு வருடத்தில் அவருக்கு அது நன்றாகப் பழகியிருந்தது. அவள் விடவில்லை. கமிட்டி பார்த்துக்கொண்டிருக்க, அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"மூஞ்சியக் காட்டிச் சொல்லுங்க."

"உனக்கு நல்லாக் கேக்கும்னு சொன்னேன்."

"எதுக்குங்க?"

"நாலு பேரு உன்னையச் செவிடின்னு சொல்லுவாங்க. உனக்கு வெக்கமா இருக்குமில்ல?"

"எனக்கா?" என்றாள் சாந்தாமணி. அவள் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. எதிர் பிளாக்குக்குத் தெரிந்தது. "மண்டைக்கனம் புடிச்சவன்னு ஊரே சொல்லுது. கூடப் பொறந்தவ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனா. அதெல்லாம் பரவால்ல, செவிடிங்கற பேரு மட்டும் ஆகாதுங்களா? நான் எப்பங்க சொன்னேன் எனக்கு வெக்கம்னு?"

ஆறுச்சாமி யோசித்துப் பார்த்தார். ஒரு நாளும் சொல்லவில்லை. அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கமிட்டிக்கு இது ரெஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் வரும் என்று குழப்பம். சாந்தாமணி பிரசாத்தின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். ரெஜிஸ்டரில் செருகியிருந்த படிவத்தை, அடியில் இருந்த நோட்டீஸ் போர்டு விதி வரை படித்துவிட்டு, அதன் பின்பக்கம், உபயோகிப்பாளர் வாக்குமூலம் என்று காலியாக இருந்த இடத்தில், நின்றபடியே எழுதினாள். எழுதி ரவிச்சந்திரனிடம் நீட்டினாள்.

வாக்குமூலத்தைக் கொடுத்தவருக்கே உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ரவிச்சந்திரன் விதிக்குக் கட்டுப்பட்டவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தார்.

"'எனக்கு நாலு வருடமாகக் காது கேட்காது. இப்போது பெல் அடித்ததும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தோளைத் தொட்டதால் திறந்தேன். இதில் எனக்கு வெட்கம் இல்லை, அவருக்குத்தான் வெட்கம். என் தங்கச்சியிடம்கூட அவர் சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதாக இருந்தால் பெரிய எழுத்தில் ஒட்டவும். விளக்கு பெல்லைத் திரும்ப மாட்டிக் கொடுக்கவும். ஆ. சாந்தாமணி.' கேட்டுதாம்மா?"

சாந்தாமணி காகிதத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரவிச்சந்திரன் இன்னும் சத்தமாகப் படித்தார். மேல் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். மூன்றாம் தடவை அவர் படித்தது பால் பூத் வரை போயிருக்கும். 'அவருக்குத்தான் வெட்கம்' என்கிற இடம் வரும்போதெல்லாம் வேலுமணி தலையைக் குனிந்துகொண்டார். ஆறுச்சாமிக்குக் குனிய வேறு தலை இல்லை. மூன்று தடவையும் அதே தலையைத்தான் குனிந்தார்.

"சரிம்மா" என்று மூச்சு வாங்கினார் ரவிச்சந்திரன். "கீழ, 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் காகிதத்தைத் தாழ்த்தியதால் சாந்தாமணிக்கு உதடு தெரிந்தது. "எனக்குத்தான் கேக்கலீங்களே. பொய் எப்படீங்க எழுதறது?"

ரவிச்சந்திரன் திகைத்துப்போனார். இருபது வருட சர்வீஸில் இப்படி ஒரு சிக்கல் வந்ததில்லை. "யாராவது கேட்டாகணுமே. யாருமே கேக்காத வாக்குமூலத்தை ஃபைல்ல வைக்க முடியாது. இதை யார்தான் கேட்டது?"

கூடி நின்றவர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆறுச்சாமி காகிதத்தை வாங்கினார். அவ்வளவு பேருக்கும் முன்னால், மனைவிக்கு எதிரே போய், அவள் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நான் கேட்டேனுங்க."